எந்த வருஷத்து 911?

1972 மாடல் போர்ஷே 911-ன் வலப்பக்கம், கதவுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே சின்னதாக ஒரு மூடி இருக்கும். முந்தைய வருஷத்து வண்டியில் அது கிடையாது. அடுத்த வருஷத்து வண்டியிலும் கிடையாது. மூடிக்குள் இருப்பது இன்ஜின் ஆயில் ஊற்றும் வாய். பெட்ரோல் ஊற்றுகிற வாயோ முன்பக்கம், இடது மட்கார்டின் மேல். இது காரின் சொந்தக்காரருக்குத் தெரியும், பங்க்கில் நிற்கும் பையனுக்கு எப்படித் தெரியும்? பின்பக்கத்தில் பக்கவாட்டாக ஒரு மூடி இருந்தால் அவனுக்கு அது பெட்ரோல் மூடிதான். திறந்தான், ஊற்றினான். ஆயில் டேங்க்கில் பெட்ரோல்!

போர்ஷே ஒன்றும் விளையாட்டுக்காக அந்த மூடியை வைக்கவில்லை. 911-ல் இன்ஜின் பின்அச்சைத் தாண்டிப் பின்னால் தொங்குகிறது. ஆயிலும் இன்ஜினுக்கு அடியில் தங்காமல் தனி டேங்க்கில் கிடக்கிறது. அந்த டேங்க் பின்சக்கரத்துக்குப் பின்னால் இருந்தது. அதைச் சக்கரத்துக்கு முன்னால் கொண்டுவந்தால் வால் கனம் கொஞ்சம் குறையும் அல்லவா? கணக்கு சரிதான். பங்க் பையனை மட்டும் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. 1973 மாடலில் டேங்க் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. வம்பே வேண்டாம் என்று தூக்கிப்போட்ட அந்த மூடிக்காகவே இன்றைக்கு 1972 மாடலைத் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள்.

பழைய 911 வாங்க ஆசைப்படுகிற எவரும் கடைசியில் வந்து முட்டிக்கொள்வது இப்படிப்பட்ட விவகாரங்களில்தான். 1964-ல் தயாரிப்பு தொடங்கி 1998 வரை, காற்றால் குளிரும் ஆறு சிலிண்டர் இன்ஜினோடு 34 வருஷம் ஓடிய கார் இது. தள்ளி நின்று பார்த்தால் எல்லாம் ஒரே கார்தான்: உருண்டை விளக்கு, சரிந்த முதுகு. கிட்டே போனால் வருஷத்துக்கு வருஷம் வேறு. விலையில் உள்ள தூரமோ கண்ணைக் கட்டும். ஒரு குறிப்பிட்ட வருஷத்து வண்டியை விற்ற காசில் இன்னொரு வருஷத்து வண்டியைப் பல முறை வாங்கலாம். அதனால் "911 வாங்கப் போறேன்" என்று யாராவது சொன்னால், விஷயம் தெரிந்தவர் திருப்பிக் கேட்கிற முதல் கேள்வி நிறமும் இல்லை, விலையும் இல்லை. எந்த வருஷம்?

புது வருஷத்து வண்டிதான் நல்ல வண்டி என்று ஒரு கட்சி, பழசுதான் அசல் என்று இன்னொரு கட்சி. இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை. ஒவ்வொரு வருஷத்து வண்டிக்குள்ளும் அந்த வருஷத்தில் ஸ்டுட்கார்ட் ஆலைக்காரர்கள் எதைக் கண்டு பயந்தார்கள் என்பது பதிவாகியிருக்கிறது. ஒரு வருஷம் அமெரிக்காவின் புகைச் சட்டம், ஒரு வருஷம் ரேஸ் விதிமுறை, ஒரு வருஷம் விற்பனைச் சரிவு. அந்தப் பயத்தைப் படிக்கத் தெரிந்தால் வண்டியைத் தேர்ந்தெடுக்கலாம். என் முடிவையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: இந்தக் காருக்கு இனி வாழ்வில்லை என்று கம்பெனியே கைகழுவிய வருஷங்களில்தான், ஓட்டுவதற்கு மிக நல்ல 911-கள் வெளிவந்தன. ஏன் அப்படி ஆனது என்பதுதான் இந்தக் கதை.

அதற்கு முன் ஒரு சின்ன எச்சரிக்கை. போர்ஷேவின் மாடல் வருஷம் ஜனவரியில் பிறப்பதில்லை, முந்தைய ஆகஸ்ட்டிலேயே பிறந்துவிடும். 1972 அக்டோபரில் ஆலையை விட்டு வந்த வண்டி 1973 மாடல். பதிவுப் புத்தகத்தில் இருக்கும் தேதியை மட்டும் நம்பினால் ஏமாறலாம். சேசிஸ் நம்பர்தான் வண்டியின் ஜாதகம். 1981 மாடலிலிருந்து 17 இலக்க நம்பர் வந்துவிட்டது. அதில் பத்தாவது எழுத்து மாடல் வருஷத்தைச் சொல்லிவிடும்: பி என்றால் 1981, டி என்றால் 1983, எச் என்றால் 1987.

57 மில்லிமீட்டர்

1963 செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் இந்தக் கார் 901 என்ற பெயரோடுதான் மேடை ஏறியது. நடுவில் சைபர் வைத்த மூன்று இலக்கப் பெயர்கள் எங்கள் உரிமை என்று பிரான்ஸின் பூஜோ கம்பெனி தகராறு செய்ய, சைபர் ஒன்றாகி 911 ஆனது. இரண்டு லிட்டர் இன்ஜின், 130 குதிரைத்திறன். அந்தக் காலத்துக்கு நல்ல வேகம். திரும்பும்போதுதான் சிக்கல்.

வளைவில் வேகமாக நுழைந்து, "ஐயோ, அதிகமாகிவிட்டதே" என்று ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறீர்கள். பெரும்பாலான கார்களில் அது சரியான காரியம். 911-ல் காலை எடுத்த நொடியில் கனம் முன்னால் சாய்கிறது, பின்டயர்களின் பிடி தளர்கிறது, பின்னால் தொங்கும் இன்ஜின் தன் வேலையைக் காட்டுகிறது. வால் சுற்றிக்கொண்டு முன்னால் வந்துவிடும். இதைச் சமாளிக்க முன்பம்பருக்குள் இரும்புக் கட்டிகளை வைத்துக்கூட ஆலை முயன்று பார்த்தது. எடையைக் குறைக்கத் தவம் கிடக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கு, இரும்பைக் கட்டி வைத்தியம்!

1969 மாடலில்தான் உருப்படியான தீர்வு வந்தது. இன்ஜினை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, பின்சக்கரங்களை மட்டும் 57 மில்லிமீட்டர் பின்னால் தள்ளினார்கள். ஆறு சென்டிமீட்டர் கூட இல்லை. ஆனால் கார் அடங்கிவிட்டது. அதனால் 1965 முதல் 1968 வரையிலான குட்டை வண்டிகள் அழகானவைதான், சேகரிப்பவர்களின் கனவுதான். ஆனால் வாழ்க்கையில் முதல் 911 வாங்குகிறவருக்கு நான் அவற்றைச் சொல்ல மாட்டேன்.

1969 முதல் 1973 வரை இன்ஜின் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்தது. 1970-ல் 2.2 லிட்டர், 1972-ல் 2.4. டி, இ, எஸ் என்று மூன்று படிகள். எல்லோரும் எஸ் பின்னால் ஓடுவார்கள். அது உச்ச வேகத்தில் சுற்றும்போதுதான் உயிர்பெறும் இன்ஜின், ஊருக்குள் ஓட்டினால் முனகும். நடுவில் இருக்கிற இ-தான் அன்றாடத்துக்கு ஏற்றது. நடுப்பிள்ளைக்கு வழக்கமாக நடப்பதுதான் அதற்கும் நடந்தது, யாரும் கவனிக்கவில்லை.

ஆனால் இந்தக் கார்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு எமன் உண்டு. துரு. அந்த நாளில் பெரும்பாலும் வெறும் தகடுதான், உடல் முழுவதுக்கும் துத்தநாகப் பூச்சு கிடையாது. முன்னால் பெட்ரோல் டேங்க் உட்காரும் தட்டு, பேட்டரிக்கு அடிப்பாகம், கதவுக்குக் கீழே ஓடும் சட்டம் என ஒவ்வொன்றாக அரித்துக்கொண்டே போகும். மேலே பளபளவென்று பெயின்ட் அடித்து, உள்ளே பொத்தலாக நிற்கும் வண்டிகளுக்குக் கணக்கே இல்லை. இன்ஜினைப் பிரித்துக் கட்டும் செலவை முன்கூட்டியே ஓரளவு ஊகிக்கலாம். டிங்கரிங் செலவை, தகட்டை வெட்டிப் பார்க்கும்வரை யாரும் ஊகிக்க முடியாது.

வாத்து வாலும் அதன் ஏழைத் தம்பியும்

1973-ன் பெரும்புள்ளி கரேரா ஆர்எஸ் 2.7. ரேஸில் ஓட அனுமதி வேண்டுமென்றால் 500 கார்களாவது தயாரித்திருக்க வேண்டும் என்பது விதி. 500 பேர் எங்கே கிடைப்பார்கள் என்று விற்பனைப் பிரிவுக்குக் கவலை. எடையைக் குறைத்து, 210 குதிரைத்திறன் இன்ஜினை வைத்து, பின்மூடியில் வாத்து வால் மாதிரி மேலெழும்பிய ஒரு தகட்டைப் பொருத்தினார்கள். வேகத்தில் வால் மேலே தூக்காமல் அழுத்திப் பிடிக்கிற வேலை அதற்கு. கவலை வீணாகப்போனது. கடைசியில் 1,580 கார்கள் தயாரிக்கவேண்டி வந்தது. இன்று அதன் விலை கோடிகளில். அதை வாங்கக்கூடியவர் இந்தக் கட்டுரையைப் படித்து முடிவெடுக்கப் போவதில்லை, ஆகவே மேலே போவோம்.

சுவாரசியம் அதன் மறுவருஷத்தில் இருக்கிறது. 1974, 1975 மாடல்களில் ஐரோப்பாவுக்கென்று வந்த கரேரா 2.7-ல் அதே 210 குதிரைத்திறன் இன்ஜின், அதே மெக்கானிக்கல் இன்ஜெக்‌ஷன். மாறியது முகம்தான். மெதுவாக இடித்தால் வண்டிக்குச் சேதம் வரக் கூடாது என்று அமெரிக்கா போட்ட பம்பர் சட்டத்துக்காக, முன்னும் பின்னும் கனமான அலுமினிய பம்பர்கள் வந்தன. இரு பக்கமும் மடிப்பு மடிப்பாகக் கறுப்பு ரப்பர். முன்மூடி சற்றுக் குட்டையானது. ஒரு பம்பருக்காக, ஒரே இன்ஜின் கொண்ட இரண்டு கார்களில் ஒன்று பூஜையறைக்கும் இன்னொன்று தெருவுக்கும் போனது. பல வருஷம் அந்தத் தம்பியைச் சீந்த ஆளில்லை. இப்போது விவரம் தெரிந்தவர்கள் மொய்த்துவிட்டார்கள், விலையும் ஏறிவிட்டது. ஆனாலும் அண்ணனுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மலிவுதான்.

வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதே வருஷங்களில் அமெரிக்காவுக்குப் போன வண்டியிலும் கரேரா என்றுதான் எழுதியிருக்கும். அதன் இன்ஜின் வேறு, 175 குதிரைத்திறனைத் தாண்டாது. பக்கவாட்டில் எழுதிய பெயரைப் பார்த்துக் காசு கொடுத்தால் கதை கந்தல்.

இன்ஜின் வெந்த காலம்

1973 இலையுதிர் காலத்தில் புது பம்பர் வண்டிகள் கடைக்கு வந்த கையோடு எண்ணெய் நெருக்கடி வந்தது. நவம்பர் 25 முதல் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் மேற்கு ஜெர்மனியில் கார் ஓட்டவே தடை. ஆட்டோபானில் ஜனங்கள் நடந்து போனார்கள். ஸ்போர்ட்ஸ் கார் விற்று வயிறு வளர்க்கும் கம்பெனிக்கு அது எப்பேர்ப்பட்ட காலம் என்று சொல்லத் தேவையில்லை. அமெரிக்கச் சந்தையை விட்டால் வேறு கதியில்லை. அமெரிக்காவோ புகையைக் குறை என்றது.

புகையைக் குறைக்கப் போர்ஷே எடுத்த வழி தெர்மல் ரியாக்டர். புகைபோக்கிக்குள்ளேயே மிச்ச எரிபொருளை எரித்துவிடும் ஒரு பெட்டி. 1975-ல் கலிஃபோர்னியா வண்டிகளில் இது முதலில் ஏறியது. இன்ஜினை ஒட்டி, சிலிண்டர் தலைகளுக்கு நேர் கீழே, எப்போதும் ஒரு அடுப்பு எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று மட்டுமே குளிர்விக்கும் இன்ஜின் அது. உடம்போ மெக்னீசியம் வார்ப்பு. எடை குறைவு, ஆனால் சூடேறினால் நன்றாக விரியும். அந்த உடம்பில் மறை முறுக்கி நிற்கும் நீண்ட போல்ட்டுகள்தான் சிலிண்டரையும் தலையையும் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. மெக்னீசியம் விரிகிற அளவுக்கு எஃகு விரியாது. ஒவ்வொரு முறை சூடேறும்போதும் போல்ட் மறையைப் பிடித்து இழுக்கிறது. ஒரு நாள் மறையோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அப்புறம் தலை தூக்கும், ஆயில் கசியும், பிரித்து மறைக்குள் எஃகு உறை வைத்துத்தான் மீட்க வேண்டும்.

1974 முதல் 1977 வரையிலான 2.7 வண்டிகளுக்குக் கெட்ட பெயர் வந்தது இதனால்தான். கவனித்தால் ஒரு வேடிக்கை தெரியும்: கோடிகளுக்குப் போகும் ஆர்எஸ் இன்ஜினின் உடம்பும் மெக்னீசியம்தான். அதற்கு அடியில் அடுப்பு மூட்டவில்லை, அதுதான் வித்தியாசம். எனவே 2.7 என்றதும் ஓட வேண்டாம். மறைகளுக்கெல்லாம் உறை போட்டு, ரியாக்டரைக் கழற்றி, முறையாகக் கட்டிய இன்ஜின் என்று ரசீதோடு நிரூபித்தால், இந்த வருஷங்களின் கெட்ட பெயரே உங்களுக்கு விலையில் லாபம். ரசீது இல்லையென்றால் தள்ளுபடி எவ்வளவு பெரிதானாலும் வேண்டாம்.

அதே கெட்ட காலத்தில் ஒரு நல்லதும் நடந்தது. 1976 மாடலிலிருந்து உடல் முழுவதும் துத்தநாகம் பூசிய தகட்டில் வர ஆரம்பித்தது. அடிப்பாகம் துருப்பிடித்து ஓட்டை விழாது என்று ஆறு வருஷ உத்தரவாதம். துரு அதோடு ஒழிந்துபோகவில்லை, ஆனால் ஐந்து வருஷத்தில் தின்கிற தகட்டை இருபது வருஷம் மெல்ல வேண்டியதாயிற்று.

நாள் குறித்த கார்

கம்பெனியின் தலைவராக அப்போது இருந்தவர் எர்ன்ஸ்ட் ஃபூர்மன். ஆர்எஸ், 911 டர்போ இரண்டுக்கும் தோள்கொடுத்த இன்ஜினியர். அவரே 911-க்கு வயதாகிவிட்டது என்று முடிவு கட்டினார். பின்னால் தொங்கும் இன்ஜின், காற்றுக் குளிர்ச்சி, இரைச்சல் எல்லாம் இனி வரப்போகும் சட்டங்களைத் தாங்காது. வாரிசாக 928-ஐ உருவாக்கினார்: முன்னால் இன்ஜின், தண்ணீர்க் குளிர்ச்சி, எட்டு சிலிண்டர். 1977-ல் வெளிவந்தது, மறுவருஷம் ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற விருதையும் வாங்கியது. 911 கொஞ்ச காலம் ஓடி ஓயட்டும் என்பது ஏற்பாடு.

இந்தப் பின்னணியில் 1978 மாடலாக வந்தது 911 எஸ்சி. அதுவரை இருந்த பல படிகளைச் சுருக்கி, டர்போவை விட்டால் ஒரே மாடல். ஓயப்போகிற காருக்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க யாரும் மெனக்கெடவில்லை. கையில் இருந்த சரக்கில் கெட்டியானதை எடுத்துப் போட்டார்கள். டர்போவுக்காகச் செய்த அலுமினிய உடம்பு வந்தது. மெக்னீசியத் தொல்லை அதோடு தீர்ந்தது. மூன்று லிட்டர் இன்ஜினிலிருந்து 180 குதிரைத்திறன்தான் எடுத்தார்கள். முந்தைய வருஷத்துக் கரேரா 3.0 அதே அளவில் 200 கொடுத்தது. பத்திரிகைகள் உதட்டைப் பிதுக்கின. ஆனால் இறுக்கிப் பிழியாத இன்ஜின் நீண்ட நாள் உழைக்கும் என்பது லாரி டிரைவருக்குத் தெரியும். கீழ்வேகத்திலேயே இழுவை கிடைத்தது, கியரை ஓயாமல் மாற்ற வேண்டியதில்லை. 1978-ல் கென்யாவின் சஃபாரி ரேலிக்கு இதை உயர்த்திக் கட்டி அனுப்பினார்கள். சேற்றிலும் கல்லிலும் உருண்டு இரண்டாம் இடத்தையும் நான்காம் இடத்தையும் பிடித்தது.

சாகட்டும் என்று விட்ட கார் விற்றுக்கொண்டே இருந்தது. 928 எதிர்பார்த்தபடி அதன் இடத்தைப் பிடிக்கவில்லை. 1981 ஜனவரியில் பீட்டர் ஷுட்ஸ் தலைவராக வந்தார். பெர்லினில் பிறந்து, நாஜிகளிடமிருந்து தப்பிய குடும்பத்தோடு அமெரிக்காவில் வளர்ந்தவர். தலைமை இன்ஜினியர் ஹெல்முட் போட்டின் அறைச் சுவரில் ஒரு வரைபடம் தொங்கியது. 928-க்கும் போர்ஷேவின் இன்னொரு மாடலான 944-க்கும் போட்ட கோடுகள் நீண்டு போக, 911-ன் கோடு 1981-ல் நின்றது. மார்க்கரை எடுத்து, அந்தக் கோட்டை வரைபடத்தைத் தாண்டிச் சுவரில் இழுத்து, அறைக்கு வெளியே வரை கொண்டுபோனதாக ஷுட்ஸே பின்னாளில் சொல்லியிருக்கிறார். சொன்னவர் நல்ல கதைசொல்லி என்பதையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கோடு நீண்டது உண்மை.

எஸ்சி-க்குள்ளேயே எந்த வருஷம்? ஐரோப்பிய வண்டியென்றால் 1981 முதல் 1983. 1980-ல் 188 ஆன சக்தி 1981-ல் 204 குதிரைத்திறனுக்கு உயர்ந்தது. அமெரிக்க வண்டிகளில் இந்த ஏற்றம் இல்லை, அங்கே வருஷத்தைவிட வண்டியின் நிலைதான் பேசும். 1983-ல் கன்வெர்டிபிளும் வந்துவிட்டது. மூடுகூரை வண்டியே மேல் என்பது என் கட்சி.

குறையே இல்லையா என்றால் இருக்கிறது. மூன்றைச் சொல்லலாம். டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தனக்குள் அடைத்த ஆயிலை நம்பி வேலை செய்கிறது. அந்த ஆயில் கசிந்தால் செயின் தொய்ந்து, வால்வும் பிஸ்டனும் மோதி, இன்ஜின் காலி. 1984 மாடலில் வந்த, இன்ஜின் ஆயில் அழுத்தத்தில் இயங்கும் டென்ஷனரை இதில் பொருத்தலாம். பெரும்பாலான வண்டிகளில் பொருத்தியிருப்பார்கள். இரண்டாவது, காற்று உள்ளே போகும் பிளாஸ்டிக் பெட்டி. குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது ஒரு முறை பின்னடித்தால் பெட்டி 'டப்' என்று பிளந்துவிடும். அழுத்தத்தை வெளியே விடும் ஒரு சின்ன வால்வைப் பெட்டியில் ஒட்டிவிட்டால் தொல்லை தீர்ந்தது, காசும் அதிகமில்லை. மூன்றாவதுதான் பெரிது: சிலிண்டர் தலைகளைப் பிடிக்கும் கீழ்வரிசை போல்ட்டுகள். தனி உலோகக் கலவையில் செய்தவை, காலப்போக்கில் அரித்து முறியும். வால்வு சரிபார்க்கக் கீழ் மூடியைக் கழற்றும் மெக்கானிக்கின் உள்ளங்கையில், முறிந்த போல்ட் துண்டோடு ஒரு நட்டு தானாக வந்து விழும். அது விழுந்தால் இன்ஜினை இறக்க வேண்டியதுதான்.

மூன்றும் முன்கூட்டியே தெரிந்த நோய்கள், மூன்றுக்கும் மருந்து உண்டு. கம்ப்யூட்டர் கிடையாது. ஸ்பேர் கிடைக்கிறது. ஐம்பதாயிரத்துக்கும் மேல் தயாரித்ததால் பொறுக்கி எடுக்க இடமிருக்கிறது.

ஜி50 ஆசை

1984-ல் வந்த கரேரா 3.2-தான் எல்லோரும் கைகாட்டும் வண்டி. ஐரோப்பாவில் 231 குதிரைத்திறன், அமெரிக்காவில் 207. டென்ஷனர் பிரச்சினை ஆலையிலேயே தீர்ந்தது. பெட்ரோலையும் தீப்பொறியையும் இனி ஒரு மின்னணுப் பெட்டி பார்த்துக்கொண்டது. அதற்குள்ளும் ஒரு வருஷக் கோடு: 1987. அதுவரை 915 என்ற கியர்பாக்ஸ், 1987 முதல் ஜி50, கூடவே ஹைட்ராலிக் கிளட்ச்.

காலை நேரம், வண்டி இன்னும் சூடாகவில்லை. 915-ல் முதல் கியரிலிருந்து இரண்டுக்குத் தள்ளுகிறீர்கள். ஒரு நொடி போகாது, உள்ளே எதிலோ இடிக்கிற மாதிரி இருக்கும். பலத்தைக் காட்டினால் கர்ர்ர் என்று பல்லைக் கடிக்கும். நியூட்ரலில் அரை மூச்சு நிறுத்தி, மெதுவாகக் கூட்டிக்கொண்டு போனால் போகும். பத்து நிமிஷம் ஓடிச் சூடானதும் அதுவே வெண்ணெய். ஜி50-ல் இந்தச் சடங்கே இல்லை, யார் ஓட்டினாலும் விழும். அதனால்தான் 1987 முதல் 1989 வரையிலான மூன்று வருஷத்துக்குத் தனி விலை.

அந்தக் கூடுதல் காசு தகுமா? தினமும் ஊருக்குள் ஓட்டுகிறவருக்குத் தகும். மற்றவர்கள் 915-ஐ நன்றாகச் செப்பனிட்டுக்கொண்டால் போதும், மிச்சக் காசில் டயரும் சஸ்பென்ஷனும் புதிதாக்கலாம். 3.2-க்கென்று சொந்தத் தொல்லைகளும் உண்டு. வால்வு கைடுகள் சீக்கிரம் தேய்ந்து ஆயில் குடிக்கும். டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒரு ரிலே இருக்கிறது. அதன் ஈயப்பற்று விட்டுப்போனால் ஓடிக்கொண்டிருக்கும் வண்டி சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். ஒரு ஸ்பேர் ரிலேயை வண்டியிலேயே போட்டு வைப்பது 3.2 வைத்திருப்பவர்களின் வழக்கம். ஏசியைப் பற்றிக் கேட்காதீர்கள். கண்டென்சர்களில் ஒன்று சூடான இன்ஜினுக்கு மேல் இருக்கும் மூடியில் உட்கார்ந்திருக்கிறது. நம் ஊர் மே மாதத்தை அந்த ஏசி கனவிலும் பார்த்ததில்லை.

டர்போவைப் பற்றி ஒரே வரி: 1988 வரை நான்கு கியர், 1989-ல் மட்டும் ஐந்து. அந்த ஒரு வருஷத்துக்கு என்ன விலை இருக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

1989-ல் தொடங்கிய 964 என்ற 911 தலைமுறை வெளியே பழசு, உள்ளே பெரும்பாலும் புதுசு. 3.6 லிட்டர், 250 குதிரைத்திறன், பவர் ஸ்டீயரிங், ஏபிஎஸ். ஆரம்ப வருஷத்து இன்ஜின்களில் சிலிண்டருக்கும் தலைக்கும் நடுவே கேஸ்கெட் கிடையாது, அங்கேதான் ஆயில் கசியும். 1991-ல் இது சரியானது. ஆகவே 964 என்றால் 1992-க்குப் பிறகு பார்ப்பது நல்லது. ஒரு காலத்தில் 964-ஐச் சந்தையில் தீண்டுவாரில்லை. பிறகு கலிஃபோர்னியாவின் சிங்கர் நிறுவனம் அதையே அடித்தளமாக எடுத்து, பழைய முகம் வைத்து, கண்ணைப் பறிக்கும் விலைக்கு விற்கத் தொடங்கியதும் உலகமே திரும்பிப் பார்த்தது. அதற்கடுத்த தலைமுறை 993, காற்றுக் குளிர்ச்சியின் கடைசிப் பிள்ளை. 1998-ல் அதோடு பரம்பரை முடிந்தது. பின்சக்கர அமைப்பை அடியோடு மாற்றியதால் வளைவில் காலை எடுத்தாலும் வால் முன்போல் எளிதில் சுற்றுவதில்லை. இந்த இரண்டில் நல்ல கார் எது என்று கேட்டால் அதுதான். அது எல்லோருக்கும் தெரிந்துவிட்டதுதான் கோளாறு. கடைசி என்ற பெயருக்கும் சேர்த்துக் காசு கேட்கிறார்கள்.

பார்க்கப் போகும்போது

ஆகவே என் தேர்வு எஸ்சி-தான். அதற்குப் புதிதாக ஒரு ஆபத்து வந்திருக்கிறது. பெரிய பம்பரைக் கழற்றி எறிந்து, நீள மூடி வைத்து, வாத்து வாலும் ஒட்டி 1973 மாதிரி வேஷம் கட்டுகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அசல் எஸ்சி ஒவ்வொன்றாகக் குறைகிறது. வேஷம் கட்டிய வண்டியை 1973 என்றே விற்கத் துணிகிறவர்களும் உண்டு. சேசிஸ் நம்பரையும், இன்ஜினில் விசிறிக்குப் பக்கத்தில் பொறித்த நம்பரையும் எழுதிக்கொண்டு, வருஷமும் வகையும் பொருந்துகின்றனவா என்று பார்க்காமல் பேரத்துக்கே உட்காரக் கூடாது.

வண்டியை நீங்கள் போவதற்கு முன் ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜின் கிளம்பும்போது கொஞ்சம் புகை வருவது சகஜம், சிலிண்டர்கள் படுத்திருப்பதால் ஆயில் கசிந்து தேங்கும். ஒரு நிமிஷத்தில் அது அடங்க வேண்டும். பிறகு குளிர்ந்த நிலையிலேயே இரண்டாம் கியரைப் போட்டுப் பாருங்கள். நன்றாகச் சூடேறிய பின், சமதளத்தில், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் ஆயில் குச்சியை இழுத்துப் பார்க்க வேண்டும். நிறுத்திவிட்டுப் பார்த்தால் அளவு தப்பாகத்தான் காட்டும். இது தெரியாமல் மேலும் மேலும் ஆயிலை ஊற்றிவைத்த வண்டிகள் ஏராளம். கதவைத் திறந்து, பூட்டுக் கம்பத்தின் அடியில், பின்சக்கரத்துக்கு முன்னால் தகடு வளையும் இடத்தில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் விழுந்தால் உள்ளே பட்டி.

நல்ல 1979 வண்டி கண்முன் நிற்கும்போது சுமாரான 1983-க்காக அதை விட வேண்டாம். போல்ட்டுகள் மாற்றியதற்கும் டென்ஷனர் போட்டதற்கும் ரசீது இருக்கிறதா, வால்வு எப்போது சரிபார்த்தார்கள் என்று கேளுங்கள். கடைசியாக, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் காற்றை ஏற்றி எவ்வளவு கசிகிறது என்று பார்க்கும் லீக் டவுன் சோதனை. அரை நாள் வேலை, செலவு உங்களுடையது. அதற்கு விற்பவர் சம்மதிக்கவில்லையா? டீயைக் குடித்துவிட்டு, அடுத்த வண்டியைப் பார்க்கக் கிளம்பலாம்.